பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், பிள்ளை இன்னும் நடக்கவில்லை

கேள்வி, 9 டிசம்பர்

எங்கள் மகனுக்கு 14 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறான், சுவரோரமாக நகர்கிறான், கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறான். பொங்கலுக்குத் தேவகோட்டையில் வீட்டுக்காரருடைய பூர்வீக வீட்டில் ஒரு வாரம் இருக்கப்போகிறோம். மாமியார் தினமும் போனில் "இன்னும் நடக்கலையா?" என்று கேட்கிறார். வீட்டுக்காரர் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் கோட்டை, சிராவயல் மஞ்சுவிரட்டு என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். செட்டிநாட்டு வீட்டில் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

9 டிசம்பர், இரவு

பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். சிராவயலை முதலில் அடியுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

எனக்குக் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம். இருப்பது கோவையில். மகளுக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது, மார்கழி முழுக்க அவளோடு ஊரில்தான் இருக்கிறேன். என் எண்ணம் இதுதான்: இந்த வயதுப் பிள்ளைக்கு அந்த வீடே போதும். முகப்புத் திண்ணை, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி), முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு அது. பிள்ளை அதைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். வெளியே போவதென்றால் ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில் மட்டும்.

10 டிசம்பர்

நடக்காததைப் பற்றி. 14 மாதத்தில் நடக்கவில்லை என்பது தாமதம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகளில், பிடிக்காமல் நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை என்று இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி. ஒன்பதாம் மாதத்தில் நடந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும், பதினேழாம் மாதத்தில் நடக்கப்போகிற உங்கள் மகனும் ஒரே வரம்புக்குள்தான் வருகிறார்கள்.

சுவரைப் பிடித்து நகர்கிறான் என்றீர்களே, அது நல்ல அடையாளம். இடுப்பும் காலும் எடையை மாற்றிப் பழகுகிற கட்டம் அது. அடுத்தது ஒரு கையை விடுவான். அப்புறம் ஏதோ ஒரு சாமானைத் தூக்க இரண்டு கையையும் விட்டுவிட்டு நிற்பான், தான் நிற்கிறோம் என்பதே தெரியாமல்.

மாமியாரிடம் எண்ணைச் சொன்னால் எடுபடாது. "தவழ்ந்து முடிச்சுட்டான் அயித்தை, இப்ப பிடிச்சு நடக்கிறான்" என்று அவன் செய்வதைச் சொல்லுங்கள். செய்யாததைப் பற்றிப் பேசப் பேசத்தான் கவலை வளரும்.

10 டிசம்பர், சற்று பிறகு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அரைகுறையாக நின்றுவிடும். 18 மாதம் முடிந்தும் தானாக நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அதற்கு முன்பே காட்ட வேண்டியவையும் உண்டு: காலில் எடையே தாங்காமல் துவள்வது, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துப் பயன்படுத்துவது, முன்பு செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது. இவற்றில் எது இருந்தாலும் பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

13 டிசம்பர்

வீட்டைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லி இன்னொருவர் கேட்டிருந்தார். இன்று காலையில் மகளுக்குப் பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நிலைப்படிகள் உயரமானவை. தவழ்கிற பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு மதில். முதலில் வயிற்றை வைத்து ஏறி அந்தப் பக்கம் தலைகுப்புற விழப் பார்க்கும். இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து, திரும்பிக் காலை முதலில் இறக்கக் கற்றுக்கொடுங்கள். காலை முதலில் விட்டு இறங்கத் தெரிந்த பிள்ளை கட்டிலில் இருந்தும் திண்ணையில் இருந்தும் அப்படியே இறங்கும். என் மகள் இதை இந்த வீட்டில்தான் கற்றாள். எங்கள் கோவை வீட்டில் எல்லாம் ஒரே மட்டம், கற்க வழியே இல்லை.

முற்றம் வளவை விட ஒரு படியாவது தாழ்வாக இருக்கும். நாள் முழுக்க ஆள் நடமாட்டம் இருப்பதால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்போம். பெரிய குடும்பம் கூடுகிற வீட்டில் இதுதான் ஆபத்து. "இப்ப பிள்ளை என் பொறுப்பு" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் அதே மாதிரி சொல்லி வாங்குகிற வரை அவர்தான்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை காய்ந்திருக்கும்போது நல்லது, வெறுங்காலுக்குக் குளிர்ச்சி. ஈரம் பட்டால் வழுக்கும். சாக்ஸ் போட்டு விடவே விடாதீர்கள். நடக்கப் பழகுகிற பிள்ளைக்குத் தரை காலில் படவேண்டும், விரலால் பிடித்துத்தான் அது நிற்கிறது.

தண்ணீர். பின்கட்டில் அண்டா, தொட்டி, வாளி எல்லாம் நிறைந்திருக்கும். கிணற்றுக்கு மூடி இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், வாளியை யாரும் பார்ப்பதில்லை. சின்னப் பிள்ளை மூழ்க ஒரு சாண் தண்ணீரே போதும், தலை கனம் என்பதால் குனிந்தால் நிமிர முடியாது. பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்து வைப்பது வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக வேண்டும்.

மாடிப்படிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டே வையுங்கள்.

14 டிசம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். நாத்தனார் ஒரு வாக்கர் வாங்கி வைத்திருக்கிறாராம், உட்கார வைத்து உருளுகிறதே, அது. வேண்டாம். நடையை அது சீக்கிரம் கொண்டுவருவதில்லை. பிள்ளை விரல் நுனியால் உந்தித் தள்ளிக்கொண்டு போகுமே தவிர, தன் எடையைத் தாங்கப் பழகாது. கனடாவில் 2004 முதல் இதன் விற்பனையையே தடை செய்திருக்கிறார்கள், காரணம் படியில் உருண்டு விழுவது. முற்றமும் நிலைப்படியும் உள்ள வீட்டில் அதை யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நம் மர நடைவண்டி வேறு. அதில் பிள்ளை நிற்கிறது, தள்ளுகிறது, தன் காலால் நடக்கிறது. எங்கள் வீட்டுப் பரணில் என் அம்மான் ஓட்டிய நடைவண்டி கிடந்தது. ஐயா அதை இறக்கிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நாத்தனார் மனம் கோணாமல் இருக்க, "பூர்வீக வீட்டுல பழைய நடைவண்டி இருக்கும்ல, அதுல நடக்கட்டும்னு ஆசைப்படறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பழைய சாமான் என்றால் நம்மூரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

18 டிசம்பர்

சாப்பாடு. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

பொங்கல் நேரத்தில் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று தூக்கு தூக்காக இருக்கும். வருகிற ஆச்சிமார் ஒவ்வொருவரும் பிள்ளை வாயில் ஒன்றை வைப்பார்கள், அன்புதான் அது. ஆனால் சீடை, முறுக்குத் துண்டு, வேர்க்கடலை, முழு முந்திரி இவை இந்த வயதுக்கு ஆகாது. கடைவாய்ப் பல் சரியாக வராத பிள்ளை அரைக்காமல் விழுங்கும், மூச்சுக்குழலில் போய் அடைக்கும். நாலு வயது வரை கடலை முழுசாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. பொடித்துக் கலந்தால் சரி.

கொடுக்க நிறைய இருக்கிறது. இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்தது, பருப்பும் நெய்யும், குழைய வேகவைத்த கவுணி அரிசி, காரம் போடுவதற்கு முன் எடுத்து வைத்த காய். கும்மாயம் உளுந்தும் பாசிப்பயறும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய் சேர்த்துக் கிளறுவது. மென்மையாக இருக்கும், பிள்ளைக்கு ருசிக்கும். இரண்டு வயது வரை இனிப்பு சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது எனக்கும் தெரியும், வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பண்டிகையன்று அப்பத்தா கையால் ஒரு விரல் நுனி கும்மாயம் என்றால் நான் தடுப்பதில்லை. தினமும் என்றால் தடுப்பேன். இந்த இடத்தில் கோடு போட்டால் சண்டையும் வராது, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை.

தண்ணீர் மாறினால் வயிறு கெடும், கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும்.

26 டிசம்பர்

பிள்ளையார் நோன்பு முடிந்தது. திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து 21 நாள், நாளைக்கு ஓர் இழையாக எடுத்து வைத்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுக்க வரிசையாக வந்து வாங்கிக்கொள்வோம். மகளுக்கான இழையை அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் எடுத்துக்கொண்டேன். எரிகிறதை அவள் வாயருகில் கொண்டுபோக வேண்டாம் என்று ஐயாவே முதலில் சொல்லிவிட்டார்.

சுடரைப் பார்த்ததும் "ஊ" என்று ஊதினாள். பிறந்தநாளில் பழகியது. சின்னாயா தன் இழையை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார், எல்லாரும் சிரித்துவிட்டோம். இதையும் நான் வளர்ச்சிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்: ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் எடுத்துச் செய்வது. நடையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவை கண்ணில் படாமலே போய்விடும்.

பொரி வைத்திருந்தார்கள், சோளப்பொரியை மட்டும் அவள் கையில் கிடைக்காமல் எடுத்து வைத்தேன். அதுவும் தொண்டையில் மாட்டுகிற சாமான்தான். 18-ஆம் தேதிக் குறிப்பில் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

29 டிசம்பர்

"உறவுக்காரர்கள் தூக்கினால் வீறிட்டு அழுகிறான், எங்கள் வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள்" என்று இன்னொரு தாய் எழுதியிருக்கிறார்.

அழுவது வளர்ச்சி. வீட்டு முகம் எது, வேற்று முகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைதான் அழும். எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரைக்கும், சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் இருக்கும். அழுகிற பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தால் பழகாது, இன்னும் ஒட்டிக்கொள்ளும். நான் செய்வது இது: வந்தவரைப் பட்டாலையில், அதாவது கூடத்தில், உட்காரச் சொல்லிவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு அவரோடு சாதாரணமாகப் பேசுவேன். அவர் பிள்ளையைப் பார்க்கவே வேண்டியதில்லை, கையில் ஒரு கரண்டியோ சாவிக்கொத்தோ வைத்திருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் இவளே இறங்கிப் போவாள். அப்பத்தாவுக்கு இது புரிந்துவிட்டது. இப்போது வருகிறவர்களிடம் அவரே "உக்காருங்க, அவளா வருவா" என்கிறார்.

பிள்ளையைக் கெஞ்ச வைத்து முத்தம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரியவர்கள் மனம் நோகும் என்பது உண்மை. அதைப் பேசிச் சரிசெய்யலாம். பிள்ளைக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கை போனால் பேசிச் சரிசெய்ய முடியாது.

29 டிசம்பர், இரவு

இதை எழுதிவிட்டு ஐயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். தமிழாசிரியராக இருந்தவர். "மாசக் கணக்கு நம்ம ஆளுங்க போடாததா?" என்று பிள்ளைத்தமிழ் பருவங்களைச் சொன்னார். பொதுவாகச் சொல்லும் கணக்குப்படி மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி. ஆண்பாலுக்கு அதற்கு மேல் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று 21-ஆம் மாதம் வரை போகிறது. பெண்பாலுக்குக் கடைசி மூன்றும் வேறு.

கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம். செங்கீரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையை ஊன்றித் தலையை அசைக்கிறது பிள்ளை, தவழ்வதற்கு முந்தைய நிலை. சப்பாணியில் உட்கார்ந்து கை தட்டுகிறது. வருகையில் தளர்நடை. அம்புலியில் நிலாவைக் காட்டிக் கூப்பிடுகிறோம், பிள்ளை விரல் நீட்டுகிறது. இன்றைய மருத்துவர்களும் 15 மாத வாக்கில், வேண்டியதைக் காட்ட விரல் நீட்டுகிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் மகன் விரல் நீட்டுகிறானா? கூப்பிட்டால் திரும்புகிறானா? இவை நடையை விட முக்கியம் என்றே நான் நினைக்கிறேன். மாமியாரிடம் இந்தப் பருவக் கணக்கையும் சொல்லுங்கள். பதின்மூன்று என்று பாட்டில் வருவது பாடுவதற்கான வரிசை, எந்தப் பிள்ளைக்கும் வைத்த கெடு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2 ஜனவரி

பட்டியலுக்கு வருகிறேன்.

பிள்ளையார்பட்டி: போங்கள். காலை நடை திறந்த நேரத்தில். குடைவரைக்குள் இருட்டு, நெரிசல், புழுக்கம், வரிசையில் பிள்ளை சிணுங்கும். தள்ளுவண்டி உதவாது, இடுப்பில்தான். பொங்கலை ஒட்டிய நாள்களில் கூட்டம் அதிகம், வேறு நாளில் போவது மேல்.

குன்றக்குடி: படி ஏற வேண்டும். தூக்கிக்கொண்டு ஏற இன்னொருவர் இருந்தால் போகலாம்.

கானாடுகாத்தான்: நீங்கள் இருக்கப்போவதே ஒரு செட்டிநாட்டு வீடு. காரில் தெருக்களைச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

ஆத்தங்குடி: இது எனக்குப் பிடித்த இடம், பிள்ளையோடும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் ஊற்றும்போது மகள் கண் கொட்டவில்லை. ஆனால் உடைந்த கண்ணாடியும் சிமெண்ட் தூசியும் உள்ள இடம், தரையில் விடாதீர்கள். சீக்கிரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருமயம்: 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை, பாறை, வெயில், ஓரத்தில் தடுப்பில்லாத இடங்கள். அவன் ஐந்து வயதாகட்டும்.

சிராவயல்: தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு. வாடிவாசல் வழியாக வருகிற மாடுகளோடு, பொட்டலில் அங்கங்கே கட்டு மாடுகளையும் அவிழ்த்து விடுவார்கள். எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்கப் போனவர்களும் குத்துப்பட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் போக ஆசைப்பட்டால் அவர் மட்டும் போகட்டும். கைப்பிள்ளையோடு அந்தக் கூட்டத்தில் நிற்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

4 ஜனவரி

பட்டியலில் இல்லாத ஒன்று: வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், திருப்பத்தூர்ப் பக்கம். 1977-இல் அறிவிக்கப்பட்டது. மழை பெய்து கண்மாயில் தண்ணீர் இருந்தால் இந்த மாதங்களில் நாரைகள் நிறைய இருக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்று அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது, நேற்று போனோம்.

நத்தைகுத்தி நாரை, கொக்கு எல்லாவற்றையும் பார்த்து ஒரே சொல்தான்: "காக்கா!" விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள். நான் திருத்தவில்லை. "ஆமா, பெரிய நாரை பறக்குது" என்று சேர்த்துச் சொன்னேன். அவள் சொன்னதை வாங்கி, அதோடு ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுப்பது பேச்சு வளர நல்ல வழி. வீட்டிலும் இப்படித்தான், ஆயா, அப்பத்தா, சின்னாயா மூவரையும் "ஆயா" என்றே கூப்பிடுகிறாள், மூவரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். மூவருக்கும் அதில் மகிழ்ச்சி.

9 ஜனவரி

கிளம்புகிறவர்களுக்குச் சுருக்கமாக.

பல்லவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் பிற்பகல் கிளம்பிக் காரைக்குடிக்கு இரவில் வரும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, ஆனால் பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அந்த நீளப் பயணத்துக்கு வாங்குவது வீண் செலவு இல்லை. போனைக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம், இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. ஒரு டப்பாவும் அதற்குள் போட்டு எடுக்க நாலைந்து பெரிய சாமானும் இருந்தால் திருச்சி வரை ஓடிவிடும்.

இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். பண்டிகை வீட்டில் முதலில் அடிபடுவது பகல் தூக்கம்தான். இரண்டாம் கட்டில் ஓர் அறையை முதல் நாளே கேட்டு வாங்கி, சேலைத் தொட்டில் கட்டிவிடுங்கள். மதியம் யார் வந்தாலும் பிள்ளை அங்கேதான் என்று மாமியாரையே சொல்ல வையுங்கள்.

பொங்கல் பொங்கும்போது குலவையும் "பொங்கலோ பொங்கல்" சத்தமும் சேர்ந்து எழும், சில பிள்ளைகள் மிரளும். இடுப்பில் வைத்து, புகை அடிக்காத பக்கமாக, அடுப்பிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

20 ஜனவரி

தேவகோட்டையிலிருந்து திரும்பி எழுதியிருக்கிறார். மகன் இன்னும் நடக்கவில்லை. நிலைப்படியில் காலை முதலில் விட்டு இறங்குகிறானாம், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வளவைச் சுற்றுகிறானாம், விரல் நீட்டிக் கேட்கிறானாம். மாமியார் கேட்பதை நிறுத்திவிட்டு, அவன் சுற்றுகிற நேரத்தில் வாளிகளைக் கவிழ்த்து வைக்கிறாராம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் இவற்றை எல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். வளவைச் சுற்றுவதை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள், அறைக்குள் போனதும் பிள்ளைகள் எதையும் செய்து காட்டாது. 18 மாதம் என்ற தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காது குத்துக்கு நாள் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்குத் தனியாக எழுதுகிறேன். தாய்மாமன் லீவு எப்போது என்று மட்டும் முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.